குழி தோண்டியாச்சு, வி.ஐ.பி. வரட்டும்

மதுரை வில்லாபுரத்தில் போர்வீரர்கள் நினைவாக ஒரு மரம் நட வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால் தயவுசெய்து தடுக்காதீர்கள். இந்த ஊரில் நிழலுக்குப் பஞ்சம். அதோடு இது விமான நிலையத்துக்குப் போகிற வழி. தலைவர்கள் போகும்போதும் வரும்போதும் கார்க் கண்ணாடியை இறக்காமலே தங்கள் தேசபக்தியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நினைவு மரம் நடுவதைத் தோட்ட வேலை என்று நினைத்து மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

போரில் விழுந்தவனுக்கு நடுகல் எடுக்கத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, சிறப்புச் செய்து படைப்பது, கடைசியாக வாழ்த்துவது. நாம் முன்னேறிய சமூகம். கடைசிப் படியை முதலில் ஏறிவிடுகிறோம். கன்று நர்சரியில் இருக்கும்போதே பிளக்ஸ் கட்டியாகிவிடும். வாழ்த்துக்கும் குறைவில்லை. யாரை வாழ்த்துகிறோம் என்பதில்தான் கொஞ்சம் மாற்றம். வணங்கிய கையோடு தலைவர் முக்கால் பிளக்ஸ், அவருக்குக் கீழே மாவட்டம், அதற்குக் கீழே பகுதி, வட்டம், இளைஞர் அணி, மகளிர் அணி. செத்துப்போன சிப்பாய் வலது மூலையில் பாஸ்போர்ட் அளவில் இருப்பார். ராணுவ அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம் என்பதால் முகம் கொஞ்சம் கலங்கியிருக்கும். பரவாயில்லை, அவருக்கு ஓட்டு இல்லை.

அடுத்தது கூண்டு. கன்று ஒரு முழம் இருக்கும். அதைச் சுற்றி நிற்கிற இரும்புக் கூண்டு ஆள் உயரம் இருக்கும். ஆடு கடிக்காமல் இருக்க முழங்கால் உயரம் போதும். மிச்ச உயரமெல்லாம் உபயதாரர் பெயருக்கு. நான்கு பக்கமும் தகரம் அடித்து, நான்கு பக்கமும் ஒரே பெயரை எழுதினால் உள்ளே செடிக்கு வெயில் போகாது என்று ஒரு தோட்டக்காரர் சொல்லிப் பார்ப்பார். அவரை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.

வி.ஐ.பி. வந்ததும் பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, ஒரு கை மண்ணள்ளிப் போடுங்க."

"ஏம்ப்பா, கேமரா அந்தப் பக்கம்ல நிக்குது?"

"அப்படியே திரும்பிக்கங்கண்ணே. மம்பட்டியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்."

"சரி, யாருக்காக நடுறோம்? பேரு என்ன?"

"பின்னாடி போர்டுல இருக்குண்ணே."

பிறகு ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குழியில் ஊற்றுவார், மீதியைக் குடிப்பார். தொல்காப்பியர் சொன்ன நீர்ப்படை அதோடு முடிந்தது. அந்தக் கன்று தன் ஆயுளில் பார்க்கப் போகிற தண்ணீரும் அதோடு முடிந்தது. மூன்றாம் நாள் ஆடு வரும். அது எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஆடு. ஒரு மாதத்தில் கூண்டுக்குள் பாலித்தீன் பையும் டீ கப்பும் தவிர எதுவும் இருக்காது. அடுத்த ஆகஸ்டில் அதே குழியில் அதே கூண்டுக்குள் இன்னொரு கன்று. புதிதாகக் குழி தோண்டும் செலவு மிச்சம். நாட்டுக்காக உயிர் விட்டவர்களுக்கு நாம் செய்கிற ஒரே சிக்கனம் இதுதான்.

இதெல்லாம் நையாண்டிக்காகப் பெரிதுபடுத்தியது என்று நினைப்பவர்கள் 2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு 'என் மண், என் தேசம்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. உயிர் நீத்த வீரர்களின் பெயரில் ஊர்தோறும் கல்வெட்டு, ஒவ்வொரு ஊராட்சியிலும் 75 கன்றுகள் கொண்ட அமிர்தத் தோட்டம், கையில் மண்ணை ஏந்தி உறுதிமொழி, அந்தக் கையோடு ஒரு செல்ஃபி. செல்ஃபியை இணையதளத்தில் ஏற்றினால் சான்றிதழ். ஊர் ஊராக மண் அள்ளிக் கலசத்தில் போட்டு டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். அக்டோபர் 31 அன்று கர்த்தவ்ய பாதையில் பிரதமர் தலைமையில் நிறைவு விழா. அப்போது அரசே வெளியிட்ட கணக்கு இது: 2.33 லட்சம் கல்வெட்டுகள், 2.36 கோடி கன்றுகள், ஏறக்குறைய 4 கோடி செல்ஃபிகள்.

மறுபடி படியுங்கள். கன்றைவிட செல்ஃபி ஒன்றரை மடங்குக்கும் மேல். நட்டவரைவிட நின்றவர் அதிகம். கையிலிருந்த அதே பிடி மண்ணை எத்தனை பேர் வாங்கி வாங்கிப் பிடித்தார்களோ! செல்ஃபிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு கடிக்காது, ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். இந்த 4 கோடியில் ஒன்றுகூடப் பட்டுப்போயிருக்காது என்று நான் பந்தயம் கட்டுவேன். 2.36 கோடியைப் பற்றிப் பந்தயம் கட்ட யாராவது வருகிறீர்களா?

இத்தனைக்கும் மரத்தை வைத்து வீரனை நினைக்கத் தெரியாத ஊர் அல்ல இது. சங்க காலத்தில் ஒவ்வொரு தலைவனுக்கும் காவல்மரம் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் மோகூரை ஆண்ட பழையனுக்கு வேம்பு. சேரன் செங்குட்டுவன் படையெடுத்து வந்து அந்த வேம்பை வெட்டினான். வெட்டியதை யானைகளைப் பூட்டி இழுத்தான் என்றும், போரில் கணவரை இழந்த பெண்களின் கூந்தலைத் திரித்து அதற்குக் கயிறாக்கினான் என்றும் பதிற்றுப்பத்துப் பதிகம் சொல்கிறது. குரூரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு மரத்தைச் சாய்க்க எதிரி ஒருவன் தேவைப்பட்டான் என்பதைக் கவனியுங்கள். இன்று நமக்கு அண்டை நாட்டான் யாரும் வேண்டாம், சாலை அகலப்படுத்தும் டெண்டர் ஒன்று போதும். செங்குட்டுவனாவது வெட்டிய பிறகு 'பசுமை வாரம்' கொண்டாடவில்லை.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் சில நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் விழுந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. செத்தவன் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எதில் செத்தான் என்பது இருக்கிறது. யார் வைத்தது, யார் முன்னிலை, யார் உபயம், யார் திறந்தது என்று ஓர் எழுத்து கிடையாது. மாடு பிடிக்கப் போய் மாண்டவனுக்கு அவ்வளவு மரியாதை. கல்லில் பெயர் எழுதத் தெரிந்த அந்த நாகரிகம் எங்கே, தகரத்தில் தன் பெயரை எழுதிக்கொள்கிற நம் நாகரிகம் எங்கே என்று தொல்லியல் துறை தோண்டிச் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனைக்குப் போனால் தெரியும்.

வெளியே பார்க்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் பல்லாரட் என்று ஒரு நகரம். முதல் உலகப்போருக்கு அங்கிருந்து போனவர்களுக்காக 1917 முதல் 1919 வரை 22 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையோரம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள். ஒரு மரம், ஓர் ஆள். முன்னின்றவர்கள் லூகாஸ் என்கிற ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த பெண்கள். மேஜருக்கு ஆலமரம், சிப்பாய்க்குத் துளசி என்று பிரிக்கவில்லை. படையில் சேர்ந்த வரிசைதான் மரத்தின் வரிசை. செத்தவருக்கு மட்டும் நடவில்லை, போன எல்லாருக்கும் நட்டார்கள். உயிரோடு திரும்பி வந்தவன் தன் மரத்தைத் தானே போய்ப் பார்த்திருக்கலாம். நம்மூரில் உயிரோடு திரும்பி வந்த சிப்பாயை ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டியாகப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரனை ரொம்பவும் மெச்சிவிட வேண்டாம். அதே பிரிட்டிஷ் பேரரசுதான் இராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் தன் ஆட்களின் பெயரைத் தனித்தனியாக எழுதிவிட்டு, இந்தியச் சிப்பாய்களை இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக அடைத்தது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க 2021 ஆகிவிட்டது. நாமும் அவசரப்பட்டவர்கள் இல்லை. சுதந்திரம் வாங்கி 72-ஆவது ஆண்டில், 2019 பிப்ரவரி 25 அன்று, டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தோம். அதன் வெளிவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட மரங்கள், காவலுக்கு நிற்கும் வீரர்களின் அடையாளமாக. அவை நன்றாகவே இருக்கும். டெல்லியில் கேமரா அணைவதில்லை.

மதுரைக்குத் திரும்புவோம். 2022 ஆகஸ்ட் 11 அன்று ரஜௌரி மாவட்டத்தில் ராணுவ முகாமொன்றின் மீது நடந்த தாக்குதலில் மதுரை மாவட்டம் டி.புதுப்பட்டியைச் சேர்ந்த ரைபிள்மேன் லட்சுமணன் கொல்லப்பட்டார். இருபதுகளில் இருந்த பையன். 13-ஆம் தேதி உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் தாண்டினால் அந்த விமான நிலையம். தேசியக்கொடி போர்த்திய பெட்டி வந்து இறங்குகிற இடத்தில் யார் முதலில் மாலை வைப்பது, யாருக்கு அங்கே என்ன தகுதி என்று சண்டை. அரசு சார்பில் அஞ்சலி செலுத்திவிட்டுக் கிளம்பிய அப்போதைய மாநில நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜனின் காரைப் பா.ஜ.க.வினர் மறித்தார்கள். காரின் மீது செருப்பு விழுந்தது. அமைச்சரும் லேசுப்பட்டவரா? செருப்பைத் தொலைத்த சின்ட்ரெல்லா வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ட்விட்டரில் கிண்டல் அடித்தார். பா.ஜ.க.வின் மாநகர் மாவட்டத் தலைவர் அன்றிரவே அமைச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கட்சியிலிருந்தே விலகினார். பிறகு விவாத மேடைகளில் ஒரு வாரம் தீபாவளி.

அந்த ஒரு வாரத்தில் தமிழ்நாடு எதைப் பற்றிப் பேசியது? செருப்பைப் பற்றி. யாருடையது, யார் எறிந்தது, ஏன் எறிந்தது. செருப்புக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு ரஜௌரியில் என்ன நடந்தது என்பதற்குக் கிடைத்திருக்குமா? ஒரு தாய் மகன் முகத்தைப் பார்க்க வீட்டு வாசலில் காத்திருக்கையில், அந்த மகனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வரிசையில் யார் முந்தி என்று அடித்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு தடித்த தோல் வேண்டும்! இரு தரப்பும் தேசபக்தியைத்தான் சொன்னார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய தேவையும் இல்லை.

மாலைக்கு அடித்துக்கொள்கிற கூட்டம், மாலை காய்ந்த பிறகு எங்கே போகிறது? ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2013 ஜனவரியில் ஜம்மு காஷ்மீரில் கடும் குளிரில் ரோந்து போன ஒரு லான்ஸ் நாயக், பணியிலேயே மூச்சடங்கினார். முதலில் போர்க்களச் சாவு என்று எழுதினார்கள், பிறகு அதை வேறு வகைக்கு மாற்றிவிட்டார்கள். வகை மாறினால் மனைவிக்குக் கிடைக்கும் ஓய்வூதியமும் மாறும், குறையும். அந்தப் பெண் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போய் வென்றார். அதற்கு மேல் ஒன்றிய அரசு என்ன செய்தது? உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு போனது. ஒரு விதவையை எதிர்த்து, நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர் படையோடு. 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்து, இந்தப் பெண்ணை இங்கே இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி, 50,000 ரூபாய் வழக்குச் செலவையும் தரச் சொன்னது. செங்குட்டுவன் கூந்தலில் கயிறு திரித்தான் என்று வாய் பிளந்தோமே, பதினோரு ஆண்டு அலைய விடுவதற்கு என்ன பெயர்? அந்த லான்ஸ் நாயக்கின் சாவு போர்க்களச் சாவா வேறு வகையா என்று கோப்பில் குறிப்பெழுதிய கையும், 2023-இல் மண்ணை ஏந்தி செல்ஃபி எடுத்திருக்கும். எடுக்காவிட்டால் மெமோ வந்திருக்குமே.

இப்போது அக்னிவீரர்கள். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டம். நான்கு ஆண்டு பணி. அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்கு. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை என்று பெரிய தொகை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பதுங்குகுழியில் அதே குண்டுக்கு இறந்த வழக்கமான சிப்பாயின் மனைவிக்கு மாதாமாதம் வருகிற குடும்ப ஓய்வூதியம் இவன் வீட்டுக்கு இல்லை. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024 டிசம்பரில் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தது. குண்டுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கணக்கருக்குத் தெரிகிறது.

அவன் படையில் சேருகிற அன்று வீட்டு வாசலில் அம்மா ஒரு வேப்பங்கன்று வைத்தால், அது முதல் பழம் உதிர்க்கிற சமயத்தில் அவனுக்கு வேலை முடிந்திருக்கும். இன்னொரு பக்கம், ஒரே ஒரு முறை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போய் உட்கார்ந்து எழுந்தவருக்கு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம். குளிர்சாதன அறையில் மேசையைத் தட்டுவது அவ்வளவு உடலை வருத்துகிற வேலை. உறைபனியில் நிற்கிற இளைஞனை 'இருபத்தைந்து வயதில் தொழில்முனைவோர் ஆகலாம், எவ்வளவு நல்ல வாய்ப்பு' என்று தட்டிக்கொடுக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளை இந்த வாய்ப்பிலிருந்து எப்படியோ தியாகம் செய்து விலக்கி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தியாகம்தான், அதற்கும் ஒரு கன்று நடலாம்.

வில்லாபுரத்தில் நடுவதாக இருந்தால் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் பயபக்தி வேண்டும். இந்த ஊரில் தண்ணீருக்காக ஒரு உயிர் போயிருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வென்று மாமன்றத்துக்குப் போன லீலாவதி, மக்களுக்குக் குழாயில் குடிநீர் வர வேண்டும் என்று ஓயாமல் போராடினார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கும் ரவுடித்தனத்துக்கும் எதிரே நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் தெருவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். அவர் சீருடை போடவில்லை, துப்பாக்கி பிடிக்கவில்லை. எல்லை என்று அவர் காத்தது ஒரு வார்டு. எந்தச் சக்கர விருதின் பட்டியலிலும் அவர் வர மாட்டார். ஆனால் ஒரு குடம் தண்ணீரின் விலை என்னவென்று இந்தத் தெருக்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு கன்றை நட்டுவிட்டு, 'தண்ணி யாருப்பா ஊத்துவா?' என்ற கேள்விக்கு மாநகராட்சி என்று கட்சிக்காரரும், நன்கொடையாளர் என்று மாநகராட்சியும், விழாக் குழு என்று நன்கொடையாளரும் கை காட்டுவது சாதாரண சோம்பல் இல்லை, திமிர்.

ஆகவே என் நிபந்தனைகள். நடுங்கள், தாராளமாக நடுங்கள். கூண்டு முழங்கால் உயரம். பலகையில் இரண்டே பெயர்கள்: யாருக்காக நட்டது, யார் தண்ணீர் ஊற்றுவது. ஊற்றுகிறவர் தூய்மைப் பணியாளராக இருந்தால் அவருக்கு அதற்கென்று தனிச் சம்பளம். பிளக்ஸ் செலவை நிறுத்தினால் பல ஆண்டுக்குத் தாங்கும். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் பச்சையாக இருப்பது தேசபக்தியால் அல்ல, தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் போவதால்.

வி.ஐ.பி.யையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? ராணுவ வீரரின் எழுபது வயது மனைவி, தேய்ந்துபோன கைரேகையை இயந்திரம் ஏற்காமல் நான்கு முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாளே, அதே சான்று. தான் நட்ட மரத்துக்கு அதை வி.ஐ.பி. கொண்டுவர வேண்டும். நேரில், இரண்டு நகல், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையெழுத்தோடு. கொண்டுவராவிட்டால் அவருடைய எம்.எல்.ஏ. ஓய்வூதியம் அந்த மாதமே நிறுத்தம். அவர் வந்து நிற்கும்போது கவுன்ட்டரில் இருக்கிற நம் ஆள் தலை நிமிராமல் சொல்ல வேண்டும்: "போன வருஷம் மரம் உயிரோட இருந்ததுக்குப் பேப்பர் இருக்கு சார். இந்த வருஷத்துக்கு எங்க? சர்வர் வேற டவுன். சாப்பாட்டுக்கு அப்புறமா வாங்க. மரத்தையும் கூட்டிட்டு வாங்க."